கலப்புப் பின்னணிப் பிள்ளையை நடிக்க அனுப்பும் முன்: இங்கிலாந்தில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு

என் மகளுக்கு அம்மா வழி யாழ்ப்பாணம், அப்பா வழி ஜமேக்கா. பிறந்து வளர்ந்தது லண்டனில். நடிக்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றபோது யாரிடம் விசாரிப்பது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் உறவு வட்டத்தில் கணக்காளர்களும் மருத்துவர்களும் நிறைய உண்டு, படப்பிடிப்புக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பம் ஒன்றுகூட இல்லை. ஏஜென்ட், கவுன்சில், பாடசாலை, படப்பிடிப்புத் தளம் என்று ஒவ்வொரு இடத்திலும் முட்டி மோதித்தான் கற்றுக்கொண்டோம். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதில் வரும் சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் சற்று மாறும். பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். 18 தாண்டி நடிக்க வருகிறவர்களுக்கு, பிள்ளை நடிக்கக் கவுன்சில் கொடுக்கும் உரிமம் பற்றிய 7ஆம் பகுதி தேவைப்படாது, மற்றதெல்லாம் பொருந்தும்.

எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. பிள்ளை யார் என்பதை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் கேமராவில் எப்படித் தெரிகிறாள் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் இடத்தில்தான் சிக்கல் எல்லாம் தொடங்குகிறது.

1. ஏஜென்ட் தேடும் முன் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்

அந்தப் பக்கத்தில் மூன்று பகுதிகள் போதும்.

முதலில் பின்னணி. அம்மா வழியும் அப்பா வழியும் எங்கிருந்து வந்தவர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். "யாழ்ப்பாணத் தமிழ், ஜமேக்க பிரித்தானியர்" என்பது நல்ல விவரம். "பாதித் தமிழ், பாதிக் கறுப்பு" என்று எழுதாதீர்கள். பாதி என்று படிக்கிறவர் மனதில் "முழுசாக இல்லை" என்றுதான் பதிகிறது. அப்புறம் தமிழ்ப் பாத்திரத்துக்கும் கூப்பிடமாட்டார்கள், கறுப்பினப் பாத்திரத்துக்கும் கூப்பிடமாட்டார்கள்.

இரண்டாவது மொழி. உண்மையை மட்டும் எழுதுங்கள். என் மகள் தமிழ் விளங்கிக்கொள்வாள், வீட்டுப் பேச்சு பேசுவாள், வாசிக்கத் தெரியாது. அதை அப்படியே எழுதியிருக்கிறோம். "சரளம்" என்று போட்டுவிட்டால், ஒருநாள் மூன்று பக்கத் தமிழ் வசனத்தை இரவோடிரவாக அனுப்பி மறுநாள் காலையில் பேசச் சொல்வார்கள். எந்த ஊர்த் தமிழ் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சென்னைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் காதுக்கு எவ்வளவு வேறு என்பது காஸ்டிங் செய்கிறவர்களில், அதாவது நடிக்க ஆள் தேர்ந்தெடுக்கிறவர்களில், பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

மூன்றாவது, செய்யமாட்டோம் என்பவை. எங்கள் பட்டியலில் இருப்பவை: தோலைக் கருக்கவோ வெளுக்கவோ செய்யும் மேக்கப், கேலிக்காகப் போடும் உச்சரிப்பு, முடியை நிரந்தரமாக நேராக்குவது, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சமூகத்தின் துயரத்தைச் சொல்லும் பாத்திரம். உங்கள் பட்டியல் வேறாக இருக்கலாம். பிள்ளையோடு இருந்து பேசி எழுதுங்கள். நீங்கள் நினைக்காத ஒன்றை அவள் சொல்வாள்.

படிவங்களைப் பற்றி ஒன்று. இங்கிலாந்து, வேல்ஸில் 2021 குடிசனக் கணக்கெடுப்பில் கலப்புப் பின்னணி என்று பதிந்தவர்கள் ஏறத்தாழ 17 இலட்சம் பேர், மொத்தத்தில் 2.9 சதவீதம். அதில் பெயரோடு இருந்த பெட்டிகள் மூன்றுதான்: வெள்ளையரும் கறுப்புக் கரீபியரும், வெள்ளையரும் கறுப்பு ஆப்பிரிக்கரும், வெள்ளையரும் ஆசியரும். பெற்றோர் இருவரில் ஒருவர்கூட வெள்ளையர் இல்லாத பிள்ளை "வேறு கலப்பு" என்பதற்குள் போய்த் தானே எழுதிக்கொள்ள வேண்டும். நீங்கள் நிரப்பப்போகும் பல படிவங்கள் இதே அச்சில்தான் இருக்கும். ஓரிடத்தில் "ஆசியர்", இன்னோரிடத்தில் "கறுப்பர்" என்று மாற்றி மாற்றி நிரப்பாதீர்கள். எங்கும், பின்னணி பற்றி முதலில் எழுதி வைத்த அந்த ஒரு வரியையே எழுதுங்கள்.

பின்னணிக்கு ஆவணம் எதுவும் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். இங்கிலாந்துப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பிறந்த இடம் இருக்கும், இனம் இருக்காது. மரபணுப் பரிசோதனை முடிவை யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். ஒருவரின் இனம் பற்றிய தகவலுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது.

2. ஏஜென்ட்: காசு எந்தப் பக்கம் போக வேண்டும்

ஏஜென்ட் உங்கள் பிள்ளைக்கு வேலை வாங்கிக் கொடுத்த பிறகு அதிலிருந்து தரகு எடுப்பார். பொதுவாக 10 முதல் 20 சதவீதம், ஏஜென்சி வாட் பதிவு செய்திருந்தால் அந்தத் தரகுக்கு மேல் 20 சதவீத வாட். விளம்பரத்துக்கு ஒரு விகிதம், தொலைக்காட்சிக்கு ஒரு விகிதம் என்று வைத்திருப்பார்கள். கையெழுத்துக்கு முன் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

சில ஏஜென்சிகள் தங்கள் புத்தகத்திலோ இணையதளத்திலோ பிள்ளையின் படத்தைப் போடுவதற்குக் கட்டணம் கேட்கும். நடிகர்களிடம் அப்படிக் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் ஒப்பந்தம் போட்டு 30 நாள் ஆகும்வரை அந்தக் காசை வாங்கக் கூடாது, அந்த 30 நாளுக்குள் நீங்கள் எந்தத் தண்டமும் இல்லாமல் விலகலாம். "இன்றைக்கே கட்டினால் குறைவு" என்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தங்கள் படப்பிடிப்பாளரிடம்தான் படம் எடுக்க வேண்டும், தங்கள் வகுப்பில்தான் சேர வேண்டும் என்று நிபந்தனை போடுவதும் விதிக்கு மாறானது. எங்களிடம் அப்படி ஓர் இடத்தில் படத்துக்கு மட்டும் பல நூறு பவுண்டு கேட்டார்கள், வெளியே அதே தரத்தில் பாதிக்கும் குறைவாக முடிந்தது.

முதல் சந்திப்பில் கட்டாயம் ஒன்று கேளுங்கள்: "என் பிள்ளையை எந்தெந்தப் பாத்திரங்களுக்கு முன்வைப்பீர்கள்?" "இவள் முகம் எதற்கும் ஒத்துவரும், லத்தீன், அரபு, பொலினீசியன் எல்லாம் போடலாம்" என்று ஒருவர் எங்களிடம் உற்சாகமாகச் சொன்னார். எங்கள் ஒரு பக்கத்தை அவர் கையில் கொடுத்தோம். வாசித்துவிட்டு, இதற்குள் நின்றால் வாய்ப்புக் குறையும் என்றார். அது உண்மைதான், குறையும். அதைத் தெரிந்துகொண்டே நீங்கள் முடிவெடுக்க வேண்டும். நாங்கள் வேறு ஏஜென்ட் பார்த்தோம்.

3. படமும் ப்ரொஃபைலும்

பிரிட்டனில் காஸ்டிங் செய்கிறவர்கள் பெரும்பாலும் தேடுவது, நடிகர்களின் விவரங்களைப் பதிந்து வைக்கும் ஸ்பாட்லைட் தளத்தில். ஆண்டுச் சந்தா உண்டு, சிறுவர் பகுதி தனியாக இருக்கிறது. சந்தாத் தொகை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அவர்கள் தளத்திலேயே பாருங்கள். ஏஜென்ட் கிடைக்கும் முன் இதற்குக் காசு செலவழிக்க அவசரப்பட வேண்டாம்.

படத்தில் பிள்ளை நேரில் எப்படி இருக்கிறாளோ அப்படியே இருக்க வேண்டும். முடி அவளுடைய இயல்பான முடி. நிறத்தை வெளிர வைக்கும் ஃபில்டர் வேண்டாம். மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் வெளிச்சம் வைக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். அவர் முன்பு எடுத்த படங்களில் அந்த நிறப் பிள்ளைகள் சாம்பல் பூத்த மாதிரித் தெரிந்தால் அவர் வேண்டாம். பிள்ளைகள் வேகமாக மாறுவார்கள், ஆண்டுக்கு ஒரு தடவையாவது புதுப் படம் தேவைப்படும். நல்ல நாள் வெளிச்சத்தில் போனில் எடுத்த படமே தொடக்கத்துக்குப் போதும் என்று சொல்லும் ஏஜென்ட்களும் உண்டு. அப்படிச் சொல்கிறவர்களை நான் நம்புகிறேன்.

4. காஸ்டிங் அறிவிப்பைப் படிப்பது எப்படி

இதில் நிதானம் வேண்டும். அறிவிப்பில் பின்னணி பற்றி ஒரு வரி இருக்கும், அதை வைத்துத்தான் பிள்ளைக்கு நடக்கப்போவது எல்லாம்.

ஒரு பாத்திரத்துக்கு இந்த இனப் பின்னணி வேண்டும் என்று கேட்கலாமா? 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. வேலைக்கு உண்மையிலேயே அது தேவை, அப்படிக் கேட்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்றால் கேட்கலாம். அதனால் "தெற்காசியச் சிறுமி வேண்டும்" என்று பார்த்தவுடன் இது பாகுபாடு என்று கோபப்பட வேண்டாம். அந்த வரி இல்லாவிட்டால் நம் பிள்ளைகளுக்கு வர வேண்டிய பாத்திரங்கள் வேறு கைக்குப் போய்விடும். 2015இல் வந்த அலோஹா என்ற ஹாலிவுட் படத்தில் சீன, ஹவாய், சுவீடன் வம்சாவளிகள் கலந்த அலிசன் எங் என்ற பாத்திரத்தை வெள்ளையரான எம்மா ஸ்டோன் செய்தார். எதிர்ப்பு எழுந்து இயக்குநர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. கலப்புப் பின்னணிக்கென்றே எழுதப்பட்ட பாத்திரத்துக்குக்கூட அந்தப் பின்னணியில் ஒருவரைத் தேடாத காலம் அவ்வளவு தூரத்தில் இல்லை.

"தெற்காசியப் பின்னணி" என்று மட்டும் இருந்தால், கலப்புப் பின்னணிப் பிள்ளைகளையும் பார்க்கிறீர்களா என்று ஏஜென்ட் மூலம் கேளுங்கள். ஒரு வரி மின்னஞ்சல்தான். பல தடவை "ஓ, தாராளமாக" என்று பதில் வந்திருக்கிறது. கேட்காமல் நாமே விலகிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"கலப்புப் பின்னணி" என்று இருந்தால் எந்தக் கலப்பு என்று கேளுங்கள். எங்களுக்குத் தெரிந்தவரை, அப்படி எழுதுகிறவர் மனதில் ஒரு வெள்ளைப் பெற்றோரும் ஒரு கறுப்புப் பெற்றோரும் இருக்கும் வீடுதான் பெரும்பாலும் இருக்கிறது. அம்மா அப்பா பாத்திரத்துக்கு ஏற்கெனவே ஆள் எடுத்துவிட்டார்கள் என்றால், பிள்ளை அவர்களுக்குப் பிறந்தவள் போலத் தெரிய வேண்டும் என்பதுதான் முழுக் கணக்கும். அதில் தேறாவிட்டால் அது அவள் நடிப்பைப் பற்றிய தீர்ப்பு இல்லை என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

"எந்த நாட்டவர் என்று சொல்ல முடியாத தோற்றம்" என்று விளம்பரக் கம்பனிகள் கேட்பதுண்டு. சூப்பர் மார்க்கெட் விளம்பரத்தில் பழக்கூடை தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைக்கு அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் கதைப் பாத்திரத்துக்கும் இப்படியே கேட்டால், பெயர் என்ன, வீட்டில் என்ன மொழி, எந்த ஊர் என்று பதில் வாங்குங்கள். பதில் இல்லை என்றால் எழுதியவருக்கே அந்தப் பாத்திரத்தைத் தெரியவில்லை.

அப்புறம் நீங்களே உங்களைக் கேட்க வேண்டிய கேள்வி: கதை அந்தப் பின்னணியைப் பற்றியதா, அல்லது பாத்திரத்துக்கு அந்தப் பின்னணி சும்மா இருக்கிறதா? பள்ளி நாடகத்தில் தோற்றுப்போன சிறுமியின் கதை என்றால், அவள் குஜராத்திக் குடும்பம் என்று எழுதியிருந்தாலும் என் மகளை அனுப்புவேன். போரிலிருந்து தப்பி வந்த சோமாலியச் சிறுமியின் கதை என்றால் அனுப்பமாட்டேன், அவள் முகம் ஒத்துவரும் என்று எத்தனை பேர் சொன்னாலும்.

எல்லாரும் இதே கோட்டை இதே இடத்தில் போடுவார்கள் என்றில்லை. நடிகர் ஹென்றி கோல்டிங்கின் அப்பா ஆங்கிலேயர், அம்மா மலேசியாவின் இபான் இனத்தவர். 2018இல் கிரேசி ரிச் ஏஷியன்ஸ் படத்தில் சிங்கப்பூர்ச் சீனக் குடும்பத்துப் பையனாக வந்தபோது, இவர் போதிய ஆசியர் இல்லை என்றார்கள். நடிகை நவோமி ஸ்காட்டின் அப்பா ஆங்கிலேயர், அம்மா உகாண்டாவிலிருந்து வந்த குஜராத்தி வழியினர். 2019 அலாதின் படத்தின் இளவரசிக்கு அவரை எடுத்தபோது அரபுப் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. பிக் மவுத் கார்ட்டூன் தொடரில் மிஸ்ஸி என்ற பெண்ணுக்குக் கறுப்பு அப்பா, யூத அம்மா. அவளுக்குக் குரல் கொடுத்துவந்த வெள்ளையரான ஜெனி ஸ்லேட் 2020இல் தானாக விலகினார். அந்த இடத்துக்கு வந்த அயோ எடெபிரியின் பெற்றோர் பார்படோஸ், நைஜீரியாவைச் சேர்ந்தவர்கள். அளவெடுத்துத் தைத்த மாதிரி ஆள் கிடைப்பது கலப்புப் பாத்திரங்களுக்கு அரிது. அதனால் கோல்டிங்கைப் போன்ற ஒருவரிடம் "நீ போதாது" என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் ஓரிடத்தில் நான் கடுமையாக இருக்கிறேன். கறுத்த பெண் என்று எழுதப்பட்ட பாத்திரத்துக்கு வெளிர் நிறமான கலப்புப் பிள்ளையைத் தேடி வருவார்கள். பாத்திரம் கறுப்பு, முகம் மட்டும் கண்ணுக்கு "இதமாக" இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். நிறம் பார்த்துப் பெண் பேசும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. கறுத்த பாடகி நீனா சிமோன் பாத்திரத்துக்காக முகத்தைக் கருக்கிக்கொண்டு, 2016இல் வெளிவந்த படத்தில் நடித்த வெளிர் நிற நடிகை ஸோயி சல்டானா, தான் அதைச் செய்திருக்கக் கூடாது என்று 2020இல் மன்னிப்புக் கேட்டார். அறிவிப்பில் நிறம் சொல்லியிருந்தால், உங்கள் பிள்ளை அந்த நிறமா என்று நேர்மையாகப் பாருங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

5. செல்ஃப் டேப்பும் ஒடிஷனும்

முதல் சுற்று பெரும்பாலும் வீட்டில் பதிந்து அனுப்பும் செல்ஃப் டேப்தான். இரண்டு மூன்று நாள் அவகாசம் இருக்கும், சில நேரம் அதுவும் இராது. வெறும் சுவர், ஜன்னல் வெளிச்சம், படுக்கை வாட்டில் பிடித்த போன், எதிர் வசனத்தைச் சத்தம் குறைத்து வாசிக்க ஒருவர். தொடக்கத்தில் பெயர், வயது, உயரம் சொல்லச் சொல்வார்கள். பிள்ளையின் பாடசாலைப் பெயரும் சீருடையும் வீடியோவில் வரக் கூடாது.

"உச்சரிப்போடு பேசு" என்று குறிப்பு வந்தால், எந்த ஊர் உச்சரிப்பு என்று கேளுங்கள். "பொதுவான இந்திய உச்சரிப்பு" என்று பதில் வந்தால், முதல் தடவை அவள் சொந்தப் பேச்சிலேயே பதிந்து அனுப்புங்கள். வேண்டுமென்றால் திரும்பக் கேட்கட்டும்.

நேர் ஒடிஷனில் "நீ எந்த ஊர்?" என்று பிள்ளையிடமே கேட்பார்கள். சிலர் நட்பாகக் கேட்பார்கள், சிலர் எடைபோடக் கேட்பார்கள். இரண்டுக்கும் ஒரே பதிலைப் பழக்கி விடுங்கள்: "நான் லண்டன். அம்மா யாழ்ப்பாணத் தமிழ், அப்பா குடும்பம் ஜமேக்கா." அவ்வளவுதான், விளக்கம் தேவையில்லை. "தமிழ்ப் பிள்ளை மாதிரியே இல்லையே" என்று யாராவது சொன்னால் அதற்குப் பதில் சொல்வது உங்கள் வேலை, பிள்ளையின் வேலை இல்லை.

ஒடிஷனுக்கு உரிமம் தேவையில்லை. பாடசாலை நேரத்தில் என்றால் தலைமை ஆசிரியரின் அனுமதி வேண்டும், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

6. வாய்ப்பு வந்தவுடன், சம்மதம் சொல்லும் முன்

சந்தோஷத்தில் உடனே சரி என்று சொல்லத் தோன்றும். அந்தச் சரி சொல்வதற்கு முந்தைய ஒருநாள்தான் உங்கள் பேச்சு எடுபடும் நேரம்.

முடியைப் பற்றிக் கேளுங்கள். என் மகளுக்கு அப்பாவின் சுருள் முடி, அதுவும் அடர்த்தி. ஒரு விளம்பரப் படப்பிடிப்பில் மேக்கப் அறையில் இருந்தவர் மெல்லிய பல் சீப்பை எடுத்து உலர்ந்த முடியில் மேலிருந்து கீழாக இழுத்தார். சீப்பின் பல் இரண்டு உடைந்து முடிக்குள்ளேயே நின்றது. பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தாள். அவரிடம் அந்த முடிக்கு ஏற்ற கிரீமும் இல்லை, அகலப் பல் சீப்பும் இல்லை. நான் என் கைப்பையில் இருந்த தண்ணீர் ஸ்பிரேயையும் எண்ணெயையும் எடுத்து அங்கேயே பின்னிவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் எந்த வேலைக்கும் முதலில் கேட்பது இதுதான்: சுருள் முடி செய்யத் தெரிந்தவர் தளத்தில் இருக்கிறாரா? இல்லை என்றால் வெளியிலிருந்து வரவழைப்பீர்களா? செலவு யாருடையது? செலவு தயாரிப்பாளருடையதாகத்தான் இருக்க வேண்டும். மேக்கப்பில் அவளுடைய நிறத்துக்கு ஃபவுண்டேஷன் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வசனத்தை முழுதாகக் கேளுங்கள், அவளுடைய பகுதியை மட்டும் இல்லை. தமிழ்க் குடும்பம் என்று எழுதிவிட்டு வீட்டில் இந்திச் சொற்களைப் புழங்க விட்டிருப்பார்கள். பெரிய பட்ஜெட் தொடருக்கே இது நடந்திருக்கிறது. 2022இல் வந்த பிரிட்ஜர்டன் இரண்டாம் பாகத்தில் சிமோன் ஆஷ்லியும் சரித்ரா சந்திரனும் அக்கா தங்கையாக வந்தார்கள், இருவரும் தமிழ் வழியினர். ஆனால் அந்த வீட்டில் தகப்பன் "அப்பா", அக்கா "தீதி", தங்கை "போன்". தமிழும் இந்தியும் வங்காளமும் ஒரே கூரைக்குள். கேட்டுத் திருத்தக்கூடிய இடம் இது. பிழையைச் சொல்லும்போது சரியானதையும் எழுதி அனுப்புங்கள், பெரும்பாலும் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்வார்கள்.

விளம்பரம் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். படப்பிடிப்பு நாளுக்கு ஒரு தொகை, அந்தப் படத்தைப் பயன்படுத்துவதற்கு வேறொரு தொகை. எந்த நாடுகளில், எத்தனை ஆண்டு, எந்த ஊடகங்களில் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். "என்றென்றும், உலகெங்கும்" என்றிருந்தால் தொகையும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும்.

7. கவுன்சில் உரிமம்

கட்டாயப் பள்ளி வயது முடியும்வரை, அதாவது 16 வயதாகும் கல்வியாண்டின் ஜூன் மாதக் கடைசி வெள்ளி வரை, பிள்ளை நடிக்க உங்கள் ஊர்க் கவுன்சிலின் உரிமம் வேண்டும். விண்ணப்பிக்க வேண்டியது தயாரிப்பு நிறுவனம். நீங்கள் உங்கள் பகுதியை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கென்று உங்களிடம் யாராவது காசு கேட்டால் அது மோசடி.

முதல் படப்பிடிப்பு நாளுக்கு 21 நாள் முன்னதாக விண்ணப்பம் கவுன்சிலுக்குப் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் அவர்கள் மறுக்கலாம். விளம்பரங்களில் இந்த அவகாசமே கிடைக்காது, ஒரு வாரத்தில் படப்பிடிப்பு என்பார்கள். சில கவுன்சில்கள் வேகமாகச் செய்து கொடுக்கும், சில செய்யாது. அதனால் கீழே உள்ளவற்றை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்:

பிறப்புச் சான்றிதழ் அல்லது கடவுச்சீட்டின் தெளிவான பிரதி.
கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த ஒரே படத்தின் இரண்டு பிரதிகள்.
பாடசாலைக்கு லீவு தேவையென்றால் தலைமை ஆசிரியரின் கடிதம்.
ஆஸ்துமா, ஒவ்வாமை போன்ற உடல்நல விவரங்கள்.
கடந்த ஒரு வருடத்தில் பிள்ளை நடித்த நாட்களின் பட்டியல்.

ஒப்பந்தப் பிரதியைத் தயாரிப்பு நிறுவனம் சேர்க்கும். எங்களுக்கு அதிகம் இழுபட்டது தலைமை ஆசிரியர் கடிதம்தான். பள்ளி விடுமுறையில் கடிதம் எழுத ஆள் இருக்கமாட்டார்கள். ஜூலை நடுப்பகுதியிலேயே, செப்டம்பரில் வேலை வந்தால் ஆட்சேபம் உண்டா என்று கேட்டு வையுங்கள். பெயர் எழுத்திலும் கவனம் தேவை. கடவுச்சீட்டில் அப்பாவின் குடும்பப் பெயரும் பாடசாலைப் பதிவில் நம் முறைப்படி வேறு பெயரும் இருக்கும் கலப்புக் குடும்பங்கள் உண்டு. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

கடந்த ஆறு மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் நடித்திராத, பாடசாலை லீவும் தேவைப்படாத பிள்ளைக்கு உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. விலக்கு பொருந்துகிறதா என்று தயாரிப்பாளர் சொல்வதை மட்டும் நம்பாமல் கவுன்சிலில் ஒரு வார்த்தை கேளுங்கள். வெளிநாட்டுப் படப்பிடிப்புக்குச் சட்டம் வேறு, நீதிமன்றத்தில் உரிமம் வாங்க வேண்டும். ஆகவே இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும்.

தளத்தில் இருக்கக்கூடிய நேரத்துக்கும் எல்லை உண்டு. 5 வயதுக்குக் கீழ் 5 மணி நேரம், 5 முதல் 8 வரை 8 மணி நேரம், 9 முதல் ஒன்பதரை மணி நேரம். முடி பின்னும் நேரமும் இதற்குள்தான் வரும். எங்கள் பிள்ளைகளின் முடிக்கு ஒரு மணி நேரம் போகலாம். அதை முன்பே சொன்னால்தான் அட்டவணையில் இடம் ஒதுக்குவார்கள். சொல்லாவிட்டால் பிள்ளையின் சாப்பாட்டு இடைவேளையில் கை வைப்பார்கள்.

தளத்தில் பிள்ளையோடு கூடவே இருந்து பார்த்துக்கொள்ள, கவுன்சில் அனுமதி பெற்ற ஷாப்பரோன் ஒருவர் இருப்பார். உங்கள் பிள்ளைக்கு நீங்களே இருக்கலாம். முதல் சில வேலைகளுக்கு அம்மாவோ அப்பாவோ போவதுதான் நல்லது என்பேன். பிள்ளையைப் பெற்றவர் தானா என்று உங்களிடமே கேட்பார்கள், நிறம் ஒத்துவராததால். அடையாள அட்டையையும் உரிமப் பிரதியையும் போனில் வைத்திருங்கள்.

8. காசு

தரகு கழித்த மீதியை, பணம் ஏஜென்சி கைக்கு வந்து 10 நாளுக்குள் உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. தயாரிப்பாளரே தாமதிப்பது வழக்கம், அதற்கு ஏஜென்டைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பிள்ளை சம்பாதித்தது பிள்ளையின் வருமானம், உங்களுடையது இல்லை. அதைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லி உரிமத்திலேயே கவுன்சில் நிபந்தனை போடலாம். அவள் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்குங்கள். வரியாண்டில் சுயதொழில் வருமானம் செலவு கழிக்கும் முன் 1,000 பவுண்டைத் தாண்டினால், வரி கட்ட வேண்டியிராவிட்டாலும் அந்த ஆண்டு முடிந்த பின் வரும் அக்டோபர் 5க்குள் வரித் துறையான எச்எம்ஆர்சியில் பதிய வேண்டும். வயது இதற்குத் தடையில்லை. ரயில் டிக்கெட், படம், சந்தா எல்லாவற்றின் ரசீதையும் எடுத்து வையுங்கள்.

9. பிரச்சினை வந்தால்

தளத்தில் ஏதாவது சரியில்லை என்றால் முதலில் ஷாப்பரோன், அடுத்து ஏஜென்ட். அன்றிரவே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்: என்ன நடந்தது, யார் இருந்தார்கள், எத்தனை மணி. போனில் பேசினாலும் "நாம் பேசியதன் சுருக்கம்" என்று ஒன்று அனுப்பி வையுங்கள். பிள்ளையின் பாதுகாப்பு என்றால் உரிமம் கொடுத்த கவுன்சிலுக்கு நேரடியாகச் சொல்லலாம். அவர்களுக்குத் தளத்துக்கு வந்து பார்க்கும் அதிகாரம் இருக்கிறது.

நடிகர் சங்கம் ஈக்விட்டி. 18 தாண்டியவர்கள் சேர்ந்திருப்பது நல்லது, ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொல்வார்கள், இனப் பாகுபாட்டுப் புகாருக்குத் துணை நிற்பார்கள். ஏஜென்சி காசு விஷயத்திலும் வேலையிடப் பாகுபாட்டிலும், வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை சொல்லும் ஏகாஸ் அமைப்பின் உதவித் தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். வேலைத் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கான காலக்கெடு மாதக் கணக்கில்தான், ஆகவே "பார்ப்போம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

வேலை முடிந்த பிறகு டயமண்ட் என்ற பெயரில் ஒரு படிவம் மின்னஞ்சலில் வரலாம். பெரிய தொலைக்காட்சிகள் சேர்ந்து, நிகழ்ச்சிகளில் வேலை செய்தவர்களின் பின்னணியைக் கணக்கெடுப்பதற்காக 2016இல் தொடங்கியது. நிரப்புவது விருப்பம்தான், காஸ்டிங்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாங்கள் நிரப்புகிறோம், "வேறு கலப்பு" என்ற பெட்டியில் எங்கள் அந்த ஒரு வரியை எழுதி.